கழுத்தில் பள்ளமுள்ள ஆணி

இது நான் கண்டதல்ல. ஹாஸ்டலில் என் அறைத் தோழன் சொல்லக் கேட்டது.

ஒரு வெல்ல ஆலையில், கரும்பு பிழியும் எந்திரத்தில் பெரிய பல்சக்கரம் ஒன்று இருந்தது. தன்னை அச்சோடு சேர்த்துப் பிடித்திருந்த சின்ன ஆணியைக் கண்டாலே அதற்கு ஆகாது. கரும்போடு கல் வந்து எந்திரம் சிக்கினால் போதும், ஆணி பட்டென்று முறிந்துவிடும், வேலை நின்றுபோகும். புது ஆணி வந்தாலும் இதே கதைதான்.

"உன் கழுத்தைப் பாரு, சுத்திலும் பள்ளம். சோறு காணாத உடம்பு! உன்னால என் மானம் போகுது," என்றது சக்கரம்.

"எனக்குத் தெரிஞ்ச வேலை இவ்வளவுதாண்ணே," என்றது ஆணி.

ஆலைக்காரர் செங்கோடனுக்கும் பொறுமை போனது. "மாத்தி மாத்திக் கை சலிச்சுப்போச்சு," என்று ஆணியைக் கழற்றி வீசிவிட்டு, கெட்டியான எஃகு போல்ட் ஒன்றை அடித்து இறக்கினார்.

"இப்பத்தான் எனக்கேத்த ஜோடி!" என்று சக்கரம் பூரித்தது.

மறுநாளே ஒரு கல் வந்தது. போல்ட் அசையவே இல்லை. சக்கரத்தின் பற்கள்தான் வரிசையாகத் தெறித்து விழுந்தன.

"அண்ணே, எனக்கு ஒரு கீறல்கூட இல்ல! உங்களுக்கு?" என்று கேட்டது போல்ட்.

கதையில் பிழை இருக்குமோ என்று பயந்து, பிறகு உதிரிபாகக் கடையில் விசாரித்தேன். புது ஆணிகளிலும் அந்தப் பள்ளம் இருந்தது. கடைசல் எந்திரத்தில் அளந்து வெட்டித்தான் விற்கிறார்கள்.