ஒரு தட்டு லக்மான், நாலு விலை

"புருல் அக்கா நம்மள ஏமாத்துறாங்க" என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான் தாலாய்.

அயிதுர்கன் எட்டிப் பார்த்தாள். இருவரும் சேர்ந்துதான் அந்தச் செயலியை எழுதிக்கொண்டிருந்தார்கள். கையில் எத்தனை சோம் பணம் மிச்சம் என்று தட்டினால் போதும். பிஷ்கெக்கில் எங்கே, எதைச் சாப்பிட்டால் மாதக் கடைசிவரை தாக்குப்பிடிக்கலாம் என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடும். பெயர் 'தொய்தும்'. வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை கல்லூரிப் போட்டியில் வைக்க வேண்டும்.

சோதனைக்காக முப்பது பேரிடம் கொடுத்திருந்தார்கள். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு கொடுத்தோம் என்று அவரவரே பதிய வேண்டும்.

கல்லூரி கேன்டீன் நடத்தும் புருல் அக்காவின் லக்மான் நூடுல்ஸுக்கு வந்திருந்த விலைகள்: தொண்ணூறு, நூற்றி நாற்பது, நூற்றி எண்பது, இருநூற்றி அறுபது.

"உன் புரோகிராம்ல ஏதாவது தப்பா இருக்கும்" என்றாள் அயிதுர்கன்.

"ரெண்டு நாளா அதைத்தான் நோண்டிட்டிருந்தேன். புரோகிராம் சுத்தம். அந்தம்மாதான் கோளாறு."

"பெரிய தட்டு, சின்ன தட்டுன்னு இருக்குமோ?"

"எல்லாம் ஒரே தட்டு. எனக்குத் தொண்ணூறு. நம்ம கிளாஸ் தைமாஸ், காரை நிறுத்திட்டு வந்தா இருநூத்தி அறுபது. பாவம், விவரம் தெரியாதவன்."

விவரம் தெரிந்தவனாக அன்று மதியமே நேரில் போய் நின்றான்.

புருல் அக்கா மாவை இழுத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அக்கா, ஒரே லக்மானுக்கு எப்படி நாலு விலை?"

"கோதுமை மாவு விலை ஏறி இறங்குது தம்பி."

"ஒரே மணி நேரத்துலயா?"

"ரொம்ப வேகமா ஏறுதுப்பா."

அயிதுர்கன் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாலாய் விடவில்லை.

"ஒரே விலைன்னு போர்டு வைங்க. இல்லேன்னா எங்க ஆப்ல உங்க கடைக்குச் சிவப்புப் புள்ளி விழும். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல."

அக்கா முதல் முறையாக மாவைக் கீழே வைத்தாள். அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள்.

"நிஜமாவே வேணுமா?"

"வேணும்."

"அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

மறுநாள் போர்டு தொங்கியது. லக்மான் நூற்றி எண்பது. எல்லோருக்கும்.

தாலாய் அதைப் படம் பிடித்து, 'எங்கள் செயலியின் முதல் வெற்றி' என்று போட்டிக்கான படங்களில் சேர்த்தான். பிறகு தன் கையிருப்பைச் செயலியில் தட்டி, மதியம் என்ன சாப்பிடலாம் என்று கேட்டான்.

'இன்று: ரொட்டி, தேநீர். நாளை: ரொட்டி.'

"நாளைக்குத் தேநீர் ஏன் இல்ல?" என்றான்.

"என்னைக் கேட்டா? கணக்கை எழுதினது நீ" என்றாள் அயிதுர்கன்.

புதன்கிழமை வேறொரு தொல்லை. முப்பது பேரில் பதினொரு பேர் மதியச் சாப்பாட்டைப் பதியவே இல்லை. போட்டிக்கு இரண்டே நாள் இருக்கும்போது இப்படிக் கைவிடலாமா? ஹாஸ்டலில் அவர்களில் ஒருவனைப் பிடித்தான் தாலாய்.

"ஏன்டா, ஆப் வேலை செய்யலையா?"

"ஆப் நல்லாத்தான் இருக்கு. சாப்பிட்டாத்தானே பதிய முடியும்?"

தாலாய் அறைக்கு வந்து அந்தப் பதினொரு பேரின் பழைய பதிவுகளைத் திறந்தான். எல்லோருக்கும் தொண்ணூறு. ஒருத்தி பனிக்காலத்திலும் கேன்வாஸ் ஷூ போட்டு நடப்பவள். இன்னொருவன் ராத்திரி காவல் வேலைக்குப் போகிறவன். மற்றவர்களும் கிட்டத்தட்ட அதே ரகம்.

தொண்ணூறு கொடுத்தவர்களின் பட்டியலில் கடைசியாக அவன் பெயரும் இருந்தது.

லக்மானின் உண்மை விலை தொண்ணூறு, மற்றவர்கள்தான் ஏமாளிகள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். காது சூடாகியது.

"நாரின் மலையிலேருந்து வந்த ஏழைன்னு என் நெத்தியிலயா எழுதியிருக்கு?" என்றான்.

"நெத்தியில இல்ல. ஸ்வெட்டர் முழங்கையில" என்றாள் அயிதுர்கன். "நீ போர்டைக் கேட்டப்பவே எனக்கு லேசா சந்தேகம். நீதான் நியாயம் பேசிட்டிருந்தியே, நடுவுல பேச இடம் எங்க?"

வியாழக்கிழமை காலை, கடை திறந்ததும் போனான். அக்காவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. பேசாமல் போர்டைக் கழற்றிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் உள்ளே நுழைந்தான்.

அங்கே முக்காலி மேல் ஏறி, ஸ்குரூடிரைவரால் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தான் ஒருவன். தைமாஸ். புருல் அக்கா எதையும் கவனிக்காதவள் மாதிரி மாவை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"டேய், என்ன பண்ற?" என்றான் தாலாய். "இந்தப் போர்டால உனக்குத்தானே லாபம்? தினமும் எண்பது சோம் மிச்சம்."

"யார் கேட்டா உன்கிட்ட அந்த எண்பதை?"

"அப்போ... அவங்க கூடுதலா வாங்கறது உனக்குத் தெரியுமா?"

தைமாஸ் கடைசித் திருகாணியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"முதல் வருஷம், பஜார்ல எங்கப்பா கடை எரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஆறு மாசமும் ஒரு தட்டுக்கு என்கிட்ட இவங்க வாங்கினது ஐம்பதுடா."