அறுபட்ட ஹோஸ்

"இவன் வேலைதான் இது. நீயே பாரு தம்பி."

டிராக்டர் முதலாளி, டிப்பர் பெட்டியைத் தூக்க எண்ணெய் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸை அறுபட்டபடியே பட்டறை மேசைமேல் போட்டார். இன்னொரு கையில் டிரைவரின் சட்டைக் காலர்.

மெக்கானிக் ஹோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்ந்து அறுந்ததுமில்லை, வெடித்ததுமில்லை. கத்தியால் அறுத்தது.

"வண்டி எங்கண்ணே நின்னுச்சு?"

"என் வீட்டு வாசல்லதான். கேட் சாவி இவன்கிட்டயும் என்கிட்டயும்தான் இருக்கு. காலையில வந்து பார்த்தா இப்படி."

"சத்தியமா நான் தொடலை முதலாளி," என்றான் டிரைவர். முகத்தில் ரத்தமே இல்லை.

"வேற யாரு தொடுவா? ஹோஸ் லீக்காகுது, தூக்கி நிறுத்தின டிப்பர் தானா இறங்குது, அடியில போய் கிரீஸ் வைக்கப் பயமா இருக்குன்னு நீதானே முனகினே? ரப்பர் சுத்திக் கொடுத்தேன், அது பத்தலை உனக்கு. அறுவடை நேரத்துல வண்டியைப் படுக்கப் போட்டுட்டே. வேலையை விட்டு அனுப்பறதோட நிறுத்த மாட்டேன். போலீசுக்குத்தான் போகப்போறேன்."

மெக்கானிக் டிரைவரைப் பார்த்தார்.

"அவனை விடுங்கண்ணே. அறுத்தது நான்."

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. டிரைவர் வாயைப் பிளந்தபடி நின்றான். முதலாளி அவன் காலரை விட்டார்.

"நீயா?"

"நேத்து சாயங்காலம் வண்டியைப் பார்க்க வந்தேன்ல, அப்பதான். ஹோஸை மாத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீங்க கேட்டாத்தானே?"

"புது ஹோஸ் விக்க இப்படி ஒரு பொழப்பா?"

"எப்படி வேணா வெச்சுக்குங்க. புதுசு தர்றேன், காசு வேணாம். போலீஸ் எதுக்குண்ணே?"

மெக்கானிக் புது ஹோஸை அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் நட்டு பொருத்திக் கொடுத்தார். அதுவரைக்கும் முதலாளி வாய் ஓயவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. இனி இந்தப் பட்டறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

வீட்டுக்குள் நுழையும்போதே மனைவியிடம் ஆரம்பித்தார்.

"கேட்டியா கூத்தை? நம்ம மெக்கானிக்தான் அறுத்திருக்கான். நல்லவன்னு நம்பி மோசம் போயிட்டேன்."

அவள் கையிலிருந்த ஈரத்துணி நழுவியது.

"அவரே சொன்னாரா?"

"நாலு பேர் முன்னாடி. கொஞ்சம்கூடக் கூச்சமில்லாம."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி?"

"நேத்து டிப்பர் திடீர்னு இறங்கிச்சு. அடியில இருந்த டிரைவர் உருண்டு வெளிய வந்ததை நான் கண்ணால பார்த்தேங்க. அவனுக்கும் வீட்டுல ஒருத்தி காத்துக்கிட்டிருக்கா. காலையில நீங்க குளிக்கப் போனப்ப, இனி புதுசு மாத்தித்தானே ஆகணும்னு காய் நறுக்கற கத்தியைக் கொண்டுபோய் அறுத்தது நான்."