அணில் தட்டிய கேள்வி

பூங்காவில் யாரோ மறந்துவிட்டுப் போன கைபேசியின் முன்னால் அணில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில், கூட்டிலிருந்து விழுந்த மைனாக் குஞ்சு பசியில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

'மைனாக் குஞ்சுக்கு எவ்வளவு பால் கொடுக்கலாம்?' என்று அணில் தட்டியது. "பத்துப் பக்கம் வந்திருக்கு! பத்துமே பால் கொடுக்கச் சொல்லுது!" என்று துள்ளியது.

வேலியிலிருந்த ஓணான், அன்று கிடைத்த ஒரே வெட்டுக்கிளியைக் காலடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"நீ பாலைத்தானேடா கேட்டே? அதான் பாலாவே கொட்டுது. அந்தப் பத்தையும் படிச்சியா?"

அணில் படித்தது. பத்திலும் அதே வரிகள், அதே படம். எழுதியவர் பெயர் ஒன்றில்கூட இல்லை.

"ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எழுதியிருக்கு அண்ணே."

"அப்போ அது பத்து இல்லை, ஒண்ணுதான். பாலை விட்டுட்டுக் கேளு."

'மைனாக் குஞ்சுக்கு என்ன கொடுக்கலாம்?' என்று அணில் மறுபடி தட்டியது. இந்தத் தடவை ஒரு பறவை மருத்துவமனையின் பக்கம் வந்தது. அதில் மருத்துவரின் பெயரும் முகவரியும் இருந்தன.

"பால் கூடவே கூடாதாம் அண்ணே. பூச்சிதான் கொடுக்கணுமாம். முக்கியமா..." அணில் தயங்கியது. "வெட்டுக்கிளி."

ஓணான் தன் காலடியைப் பார்த்தது. "எதுக்கும் வேற யாராவது என்ன சொல்றாங்கன்னு பாரேன்."

"பார்த்துட்டேன் அண்ணே. பறவைக் காப்பகத்திலே இருக்கிற அம்மா, தானே வளர்த்துப் பார்த்து எழுதியிருக்காங்க. அவங்களும் அதையேதான் சொல்றாங்க."

குஞ்சு மறுபடியும் கத்தியது. ஓணான் பெருமூச்சு விட்டபடி வேலியிலிருந்து இறங்கியது.

"நல்லா வாயைத் திற, கண்ணு," என்றது.