வலது கட்டைவிரல்

"இல்லாத விரலை எப்படிம்மா வைக்கிறது?"

"சும்மா வைக்கிற மாதிரி காட்டுங்க சார். மெஷின் ஒருதடவை முடியாதுன்னு சொன்னாத்தான் இடது கையைக் கேட்கும்," என்றாள் ஓய்வூதிய அலுவலக எழுத்தர் வெண்ணிலா.

முன்னாள் ஹவில்தார் சவரிராயனின் வலது கை, எல்லையில் பனிக்குள் புதைந்திருந்த கண்ணிவெடியோடு போய்விட்டது. அந்தக் கைக்காகத்தான் அவருக்குப் பென்ஷன் வருகிறது. ஆண்டுதோறும் ரேகை வைத்து, உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும் என்று இப்போது புதுச் சட்டம். பட்டாளத்தில் சேர்ந்த நாளில் எடுத்த வலது கட்டைவிரல் ரேகைதான் பதிவில் இருந்தது.

அவர் மடித்துத் தைத்த சட்டைக் கையை மெஷினின் கண்ணாடிமேல் நீட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. வெண்ணிலா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். மறுபடியும் பச்சை.

"வீட்ல ஒரு டம்ளர் எடுத்துத் தராத கை, ஆபீசுன்னதும் வந்துடுச்சு பாருங்க," என்றாள் அவர் மனைவி அருளாயி. அவரும் சிரித்துவிட்டார்.

"அப்ப நான் உயிரோட இருக்கேன்னு ஆயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சு சார். ஆனா கையும் இருக்குன்னு வருதே. கை இருந்தா பென்ஷன் நின்னுடும்."

சவரிராயன் பதறிப்போய்ச் சுவர்வரை பின்வாங்கினார். விளக்கு அணையவில்லை. மின்விசிறி வெக்கையைச் சுழற்றிக்கொண்டிருந்த அந்த அறையில், கண்ணாடிமேல் கட்டைவிரல் அளவுக்குப் பனி பூத்திருந்தது.

அவரைப் பார்ப்பதா, கண்ணாடியைப் பார்ப்பதா என்று தெரியாமல் வெண்ணிலா எழுந்து நின்றாள்.

"சார், தயவுசெஞ்சு கையை எடுங்க."