வலிய பெட்டி

காளிச்சாமி அட்டைப்பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவுகிறார். வைக்கோல் வருகிறது, காகிதம் வருகிறது, மறுபடியும் வைக்கோலே வருகிறது. அட்டையில் அச்சடித்த ரேடியோ நெல்லுப் பத்தாயம் கணக்காக இருக்கிறது; பக்கத்தில் சிரித்து நிற்கும் பெண்ணின் தோளுக்கு வருகிறது. கடைசியில் கைக்கு அகப்படுவது சோப்புப்பெட்டி அளவில் ஒரு ரேடியோ. வாசல்வழி விழும் காலை வெயிலில் அதன் ஒற்றைத் திருகு அவரைப் பார்த்து இளிக்கிறது. “நல்ல வலிய பெட்டின்னு பாலக்காட்டுக் கடைக்காரன் சத்தியம் பண்ணுனானே, புள்ள!” மலையாளத்தில் வலிய என்றால் பெரிய, காளிச்சாமியின் ஊரிலோ ரேடியோவுக்கே பெட்டி என்றுதான் பேர். “அவன் அட்டப்பொட்டியச் சொல்லியிருப்பானுங்க. அதுல என்ன பொய்யி?” என்கிறாள் மனைவி முத்தாத்தாள், வைக்கோலை எருமைக்கென்று மடியில் கட்டிக்கொண்டே. அவர்களுக்குப் பின்னால், இந்த ரேடியோவுக்கென்றே கொத்தனாரை விட்டு இடித்துப் பெரிதாக்கிய சுவர்மாடம், ஒரு கன்றுக்குட்டி படுக்கிற அகலத்துக்கு வாயைப் பிளந்து நிற்கிறது. பூச்சு இன்னும் காயவில்லை.

வெளியே செருப்புச் சத்தம். பங்காளி பொங்கியண்ணன் வருகிறார். அவருடைய சின்ன ரேடியோவைத் தீப்பெட்டி என்று ஊர் நடுவே காளிச்சாமி நக்கலடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. முத்தாத்தாள் ரேடியோவைத் திருகிப் பாடவிட்டு, அட்டைப்பெட்டிக்குள் போட்டு மூடி, படம் தெரிய மாடத்தில் ஏற்றிவிடுகிறாள். உள்ளேயிருந்து நாதசுரம் கமறிக்கொண்டு வருகிறது. பொங்கியண்ணன் படத்தையே பார்த்து மலைத்து நிற்கிறார்.

“ஏந்தம்பி, பொட்டிய இன்னும் பிரிக்கலியா?”

காளிச்சாமி மீசையை நீவிக்கொள்கிறார்.

“பிரிச்சமுன்னா அதும்பட சத்தத்த ஊரு தாங்காதுங்ணா.”