கவனக்குறைவு

வால்டர் பலகையை மூடியிருந்த துணியை இழுத்தார்.

பலகையில் அவள் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். தலையில் அகலத் தொப்பி. இடுப்பில் இரண்டு ரிவால்வர்கள். படத்துக்குக் கீழே சிவப்பில் ஒரே வரி.

ஒரு நொடி கவனக்குறைவு போதும்.

அவள் முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் மகள் கோமதி.

அரிசோனா வெயில் காலையிலேயே மண்ணைச் சுட்டது. வந்திருந்த ஆண்கள் நூறாண்டுக்கு முந்தைய கோட்டும் பூட்ஸும் போட்டிருந்தார்கள். பெண்கள் தரையில் புரளும் பாவாடைகளில். கௌபாய் வேடமிட்டுக் கூடி, பழைய மாதிரித் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுடுவது இவர்களுடைய விளையாட்டு. ஆளுக்கொரு பட்டப்பெயர் வேண்டும்.

அவள் கணவர் சிவசைலம் வைத்துக்கொண்டது 'நெல்லை கிட்'.

வால்டர் வாயில் அது கடைசிவரை நெல்லிதான்.

சிவசைலம் இன்ஜினியராக இந்த ஊருக்கு வந்தவர். துப்பாக்கிகளைப் பற்றி ஒரு மாதப் பத்திரிகையில் வருடக்கணக்காக எழுதினார். வேகமாகச் சுடுவதைப் பற்றி அவர் எழுதியது குறைவு. எப்படிப் பிடிப்பது, எப்படிக் காலி செய்வது, காலி என்று தெரிந்த பிறகும் ஏன் திறந்து பார்க்க வேண்டும். அதையேதான் திரும்பத் திரும்ப எழுதினார். முதலில் பயந்தாங்கொள்ளி என்றார்கள். பிறகு அந்தக் கட்டுரைகளை வெட்டித் தங்கள் மேசைகளுக்கு மேலே ஒட்டிக்கொண்டார்கள்.

வால்டர் தொண்டையைச் செருமினார். அவர்தான் கிளப்பின் தலைவர்.

"நெல்லிக்கே இப்படி ஆகும்னா நாமெல்லாம் எம்மாத்திரம்? துடைக்கிறதுக்கு முன்னாடி திறந்து பார்க்க மறந்துட்டார். அவ்வளவுதான். இனி புதுசா வர்ற ஒவ்வொருத்தரையும் முதல்ல இந்தப் பலகை முன்னாடி நிறுத்துவோம்."

அவர் குரல் உடைந்தது. சொன்னதெல்லாம் பிரியத்தில் சொன்னதுதான்.

அவள் அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துப்பாக்கி அறையில் அவர் விழுந்து கிடந்த அன்று, மேசைமேல் எண்ணெய்த் துணி இருந்தது. எப்போதும் அங்கேயே கிடக்கும் துணி. போலீஸ்காரர் அதைப் பார்த்தார்.

"சுத்தம் பண்ணிட்டிருந்தாரா?"

அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவர் விபத்து என்று எழுதிக்கொண்டார்.

"விபத்துன்னே இருக்கட்டும்மா," என்றாள் கோமதி, விமானத்தில் வந்து இறங்கியதும். "அப்பா பேரு கெட்டுடக் கூடாது."

அப்படியே இருந்தது. இன்றுவரை.

அவள் எழுந்தாள்.

கோமதி புடவைத் தலைப்பைப் பிடித்தாள். "அம்மா. வேண்டாம்."

அவள் அந்த விரல்களை மெதுவாக விலக்கினாள்.

"வால்டர், அவர் மறக்கல. உள்ளே குண்டு இருக்குன்னு தெரிஞ்சுதான் எடுத்தார்."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வருஷமா அவருக்குத் தூக்கம் இல்ல. எழுதவும் இல்ல. நீங்க படிச்சதெல்லாம் எப்பவோ எழுதி வச்சது. டாக்டர்கிட்ட போகலாம்னேன், எனக்கென்னன்னுட்டார். இங்க வந்தா மட்டும் சிரிப்பார். வீட்டுக்குத் திரும்பும்போது கார்ல ஒரு வார்த்தை பேசமாட்டார். ஃப்ரெண்ட்ஸ்கிட்டயாவது சொல்லுங்கன்னேன்."

தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எதுக்கும் பயப்படாத மனுஷங்ககிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு கேட்டார்."

ஒரு பெண் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

வால்டர் தொப்பியைக் கழற்றினார். கையில் இருந்த துணியைப் பலகைமேல் போர்த்தப் பார்த்தார். நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடியும் போர்த்தினார்.

அன்றைக்கு யாரும் சுடவில்லை.

காரில் கோமதி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாவியைத் திருகவில்லை.

"இப்ப உனக்கு நிம்மதியா?"

"இல்ல."

ஜன்னலில் யாரோ தட்டினார்கள்.

டேல். கிளப்பில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஆள். எந்தக் கூட்டத்திலும் அவர் சத்தம்தான் முதலில் கேட்கும். இன்று கடைசி வரிசையில் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் இறங்கினாள்.

டேல் இடுப்பில் இருந்த துப்பாக்கி பெல்ட்டை அவிழ்த்தார். ரிவால்வர்களோடு சேர்த்துச் சுருட்டினார். ஒரு சட்டையை மடிப்பது போல நிதானமாக. பிறகு இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"கொஞ்ச நாளைக்கு இது உங்ககிட்ட இருக்கட்டுமா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் ஒரு பக்கம் சவரம் விட்டுப்போயிருந்தது. கண்களுக்குக் கீழே கறுத்து வீங்கியிருந்தது. அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும். ஒரு வருடம் பக்கத்துத் தலையணையில் பார்த்த கண்கள்.

ஏன் என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டாள். கனத்தது.

"வீட்டுல இன்னும் இருக்கா?"

டேல் தரையைப் பார்த்தார். ஆமென்று தலையசைத்தார்.

"வேற யாரு இருக்கா வீட்டுல?"

"யாரும் இல்ல."

அவள் குனிந்து, ஜன்னல் வழியாகப் பெல்ட்டைக் கோமதி மடியில் வைத்தாள். கோமதி அதைப் பார்த்தாள். டேலைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"நீ பின்னாலயே வாம்மா," என்றாள் மகளிடம். "அவர் வீட்டுல இருக்கிறதையும் எடுத்துக்கலாம்."

அவள் டேலின் டிரக்கில் ஏறி உட்கார்ந்தாள். அவர் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார், எந்தக் கதவு தன்னுடையது என்று தெரியாதவர் போல.

"வாங்க," என்றாள். "போற வழியில சாப்பிட்டுக்கலாம்."