மிஷினுக்குத் தனி லைன்

பன்னிரண்டு இருபதுக்கு ஸ்டார்ட் பட்டனை அழுத்தியது. ஒரு மணியாகியும் வாஷிங் மிஷினுக்குள் சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

உள்ளே அஃப்ரித்தின் வெள்ளைச் சட்டை கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. மியூசியத்தில் வைத்த மாதிரி.

நான்கு மணிக்கு அவன் பாரிமுனையில் இருக்க வேண்டும். குவைத்தில் ஹோட்டல் வேலை, கடைசி இன்டர்வியூ. வெள்ளைச் சட்டை இல்லாதவன் வாசலோடு திரும்பிவிடலாம் என்று ஏஜென்ட் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

இதற்கு முந்தைய பதினொரு இன்டர்வியூவிலும் சட்டை சுத்தமாகத்தான் இருந்தது. அவனைத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை.

சட்டையை நேற்றே துவைத்து மாடியில் காயப்போட்டிருந்தார்கள். தண்டையார்பேட்டையில் வெள்ளைத் துணியை மாடியில் காயப்போட ஒரு தைரியம் வேண்டும். இன்று பதினொன்றரைக்கு எடுத்தபோது துறைமுகத்துக் கரித்தூள் படிந்து சாம்பல் நிறமாகியிருந்தது.

இரவல் வாங்கலாம்தான். ஆனால் அவன் சைஸ் நாற்பத்தெட்டு. அந்தத் தெருவில் நாற்பத்தெட்டு போட்ட இன்னொருவர் போன வருஷம் மௌத்தாகிவிட்டார்.

கையில் துவைக்கலாமென்றால் மிஷின் கதவு பூட்டிக்கொண்டது. ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தான். திறக்கவில்லை. இழுத்துப் பார்த்தான். மிஷின்தான் கூடவே நகர்ந்து வந்தது.

கஸ்டமர் கேரில் ஒரு பெண்குரல் மூன்று மொழிகளில் அவன் பொறுமைக்கு நன்றி சொன்னது. பிறகு வெகுநேரம் புல்லாங்குழல்.

யூடியூபில் ஒருவர் தண்ணீர் வரும் ஓஸ் மடங்கியிருக்கிறதா பார்க்கச் சொன்னார். மடங்கவில்லை. சேனலை சப்ஸ்கிரைப் செய்யச் சொன்னார். பதற்றத்தில் அதையும் செய்தான்.

எதிர்வீட்டு மலர்க்கொடி அக்கா குடத்தோடு வந்து, சோப்புத் தூள் போடும் தட்டில் மடமடவென்று ஊற்றினார். முக்கால் குடம் அஃப்ரித்தின் காலில் இறங்கியது.

“காலு சுத்தமாயிடுச்சி. இன்டர்வியூல அத்தக் காட்டு” என்றார்.

ஒன்றரை. இரண்டு மணிக்குள் தண்ணீர் வந்தால்கூட இஸ்திரிப் பெட்டியை வைத்தே காயவைத்துவிடலாம் என்று அம்மா கௌசர் கணக்குச் சொன்னாள். இந்த வீட்டில் எல்லாரும் ஆறு மாதமாகக் காத்திருந்தது இந்த நான்கு மணிக்குத்தான்.

அஃப்ரித் ஓஸைக் கழற்றினான்.

குழாய் வாயில் வேட்டித் துணி கட்டியிருந்தது. துரு வராமலிருக்க அந்தப் பக்கம் எல்லா வீட்டுக் குழாய்க்கும் கட்டுவதுதான். அம்மா பழக்கதோஷத்தில் மிஷின் குழாய்க்கும் கட்டி, அதன் மேலேயே ஓஸை மாட்டியிருக்கிறாள்.

இதுதான், இதேதான் என்று அவிழ்த்தான். குழாயைத் திறந்தான்.

காற்று வந்தது.

சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. இது மட்டும் மாடி டேங்கிலிருந்து மிஷினுக்கென்றே இழுத்த தனி லைன். அத்தா லியாகத் அலி போன வருஷம் குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பியதும் பக்கத்தில் நின்று போடவைத்தது. அங்கே இருபத்தோரு வருஷம் டிரைவர். இந்த இன்டர்வியூவைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். மாடியில்தான் சிக்னல் கிடைக்கும், ஏஜென்ட்டிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று பன்னிரண்டு மணிக்கே ஏறியவர் இன்னும் இறங்கவில்லை.

அஃப்ரித் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். சைஸ் நாற்பத்தெட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

டேங்க் நிரம்பி வழிந்தது. மிஷின் லைன் வால்வு இறுக்கி மூடியிருந்தது.

துருப்பிடித்த வால்வு. தானாக மூடிக்கொள்ளாது. கை தவறியும் மூடாது. இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்துத் திருக வேண்டும்.

டேங்க் நிழலில் அத்தா உட்கார்ந்திருந்தார். மடியில் மல்லாந்து கிடந்த இரண்டு உள்ளங்கையிலும் துரு.

அஃப்ரித் பாய்ந்துபோய் வால்வைப் பிடித்தான். அவர் தடுக்கவில்லை. துறைமுகத்து கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நா போனப்போ யாரும் மூடலடா” என்றார்.

அவரை வழியனுப்ப ஏர்போர்ட்டுக்குப் போனபோது அஃப்ரித்துக்கு மூன்று வயது. அழவே இல்லை, சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினான் என்று வீட்டில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

வால்வு கால் சுற்று அசைந்திருந்தது. குழாய்க்குள் தண்ணீர் கிசுகிசுத்தது.

கீழே படிக்கட்டிலிருந்து அம்மா கத்தினாள். வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் என்று.

அஃப்ரித் கால் சுற்றைத் திருப்பி மூடினான்.

“தொறந்துதான் கீது” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.